கப்பல் வரும்வரை பாதி மாத்திரை

என் டைரியில் ஒரு நாளுக்கு ஐந்து வரிகள். முதல் வரி வானிலை. இரண்டாவது கப்பல். மூன்றாவது ஆபீஸ். நான்காவது வீடு, அதாவது சமையல், கேஸ், குழாயில் தண்ணீர் வந்த நேரம். ஐந்தாவது வரியில் எழுத ஒன்றும் இல்லாமல் பல வருடம் விட்டு வைத்திருந்தேன். அக்காவின் மகள் என்னிடம் வந்த பிறகு அது அவளுடைய வரி ஆனது.

நான் போர்ட் பிளேரில் கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்க்கிறேன். எந்தக் கப்பல் எப்போது வருகிறது, எது ரிப்பேருக்குப் போயிருக்கிறது, எது புயலால் சென்னையிலேயே நிற்கிறது என்பதைக் கவுண்டருக்கு வெளியே கரும்பலகையில் எழுதுவது என் பொறுப்பு. எழுதியதை மாலையில் வீட்டுக்கு வந்து டைரியிலும் ஏற்றுவேன். யாரும் கேட்கப் போவதில்லை. இருந்தாலும் ஏற்றாமல் படுத்தால் எனக்குத் தூக்கம் வராது.

எங்கள் அப்பா இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து நிக்கோபாரில் உள்ள கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர். அக்கா அங்கேயே கல்யாணம் கட்டி அங்கேயே ரப்பர் பால் வெட்டினாள். நான் படித்து வேலை கிடைத்து போர்ட் பிளேருக்கு வந்து, டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் இரண்டு அறை வீடு ஒன்றைப் பிடித்துத் தனியாக இருந்தேன். சுனாமி அன்று காலை அக்காவும் அத்தானும் கடலோரத்தில் இருந்தார்கள். பிள்ளை மேட்டில், தோட்டத்து ஆட்களோடு இருந்தாள். ஒன்பது வயது. நிவாரணக் கப்பலில் வந்து இறங்கியபோது அவள் கையில் யாருடையதோ ஒரு ஆண்பிள்ளைச் சட்டை இருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஏழு வருடம் நாங்கள் இரண்டு பேரும் அப்படித்தான் இருந்தோம். சண்டை இல்லை, பேச்சும் அதிகம் இல்லை. ஐந்தாவது வரியில் "பிள்ளை: பரீட்சை. சாப்பிட்டாள்" என்று எழுதினால் அது உண்மை, அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது அவள் அந்தக் கொஞ்சப் பேச்சையும் நிறுத்தினாள். குளிக்க மறந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். தட்டில் போட்ட சோறு அப்படியே காய்ந்து கிடக்கும். லீவு போட்டு சென்னைக்குக் கூட்டிப்போய் ஒரு டாக்டரிடம் காட்டினேன். மனச்சோர்வு என்றார், மாத்திரை எழுதினார். தினமும் ஒன்று, விடக்கூடாது, ஒரு மாதம் கழித்து வந்து காட்டுங்கள் என்றார். அதற்குப் பிறகும் இரண்டு வாக்கியம் சொன்னார். வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள், நான் மாத்திரையின் பெயரை எழுத்துப் பிசகாமல் டைரியில் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு வாக்கியமும் என் காதில் விழவில்லை.

ஒரு மாதத்தில் திரும்பிப் போக எனக்கு லீவு இல்லை. கப்பலில் போக மூன்று நாள், வர மூன்று நாள். போன் செய்தேன். அதையே கொடுங்கள் என்று யாரோ சொன்னார்கள். கொடுத்தேன்.

தீவில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கப்பல் பிந்தினால் எல்லாவற்றையும் இழுத்துப் பிடிப்போம். வெங்காயம் பாதி, பால்பவுடர் பாதி. கேஸ் சிலிண்டர் தீரப்போகிறது என்றால் ஒரு வேளைச் சமையல். என் ரத்த அழுத்த மாத்திரையையே அப்படிக் கத்தியால் இரண்டாக வெட்டிப் பல வருடம் ஓட்டியிருக்கிறேன். கப்பல் வந்ததும் விட்டதைச் சேர்த்து வாங்குவோம். ரேஷன் கடையில்கூட இரண்டு மாத அரிசியை ஒன்றாக அளந்து போடுவார்கள். எங்களுக்கு அது தப்பாகத் தெரியாது. கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரியும்.

பிள்ளையின் மாத்திரை போர்ட் பிளேரில் கிடைக்கவில்லை. பஜாரில் மெடிக்கல் கடை வைத்திருந்த பாய்தான் தன் சரக்கோடு சேர்த்து வரவழைத்துத் தருவார்.

"வரலியேம்மா. கப்பல் புதன்கெழமன்னாங்க, இப்ப அடுத்த புதன்கெழமங்கிறாங்க. நீங்கதானே போர்டுல எழுதுறீங்க, நீங்களே சொல்லுங்க, எப்ப வரும்?" என்பார்.

"எனக்குச் சொன்னதத்தான் பாய் நான் எழுதுறேன்."

"அப்ப எனக்கும் அதே கததான். அல்லா எழுதுறத யாரு எழுதுறது!"

விமானத்தில் வரவழைத்திருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. எங்களுக்கு எல்லாமே கப்பலில்தான் வரும்.

முதல் தடவை கப்பல் பிந்தியபோது அட்டையில் மூன்று மாத்திரை மிச்சம் இருந்தது. பாதியாக வெட்டினேன். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாதி. கடைசி மூன்று நாள் ஒன்றும் இல்லை. கப்பல் வந்ததும் விட்டதை ஈடுகட்ட வேண்டும் என்று நினைத்து, காலையில் ஒன்று மாலையில் ஒன்றாக ஒரு வாரம் கொடுத்தேன். டைரியில் "டபுள்" என்று எழுதினேன். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் முப்பது நாளுக்கு முப்பது மாத்திரை சரியாக வந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு சின்ன டிக் அடித்திருக்கிறேன். திருப்தியாக இருந்திருக்கிறது எனக்கு.

அந்த முதல் டபுள் வாரத்தில் அவள் பேசினாள். அதை மறைக்க விரும்பவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். வாசல்படியில் நின்றுகொண்டு பக்கத்து வீட்டுக் கோழியைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். "சித்தி, நீங்க குழம்புக்கு உப்புப் போடுறதக்கூட டைரியில எழுதுவீங்களா?" என்று கேட்டாள். எழுதுவேன் என்றேன். "அப்ப இன்னைக்கு எழுத மறந்துட்டீங்க, உப்பே இல்ல" என்றாள். மாத்திரை கேட்கிறது என்று நம்பினேன்.

நான்கு நாள் கழித்து அந்தச் சிரிப்பு வேறு மாதிரி ஆனது. சாப்பிட உட்கார்ந்தவள் எழுந்து நடந்தாள். மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழுந்தாள். உட்கார்ந்திருக்கும்போதும் முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும், மேஜை மேல் என் தம்ளர் கிணுகிணுக்கும். விடியும்முன்பே எழுந்து முன்னறைக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருப்பாள். பள்ளிக்கூடத்தில் பிரேயரின்போது ஒரு டீச்சரைப் பார்த்து, "ஒங்களுக்குக் கத்த மட்டும்தான் தெரியும்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். ஏழு வருடமாக அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் குரலை யாரும் கேட்டதில்லை. அடுத்த கப்பல் பிந்தி வந்து சேர்ந்தபோது, பெரார்கஞ்ச் பஸ்ஸில் ஏறிக் கடைசி வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்து, மறுபடி ஏறிப் போனாள். கண்டக்டர் என் கவுண்டருக்கே வந்து சொன்னார். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "பஸ்ஸு ஓடுனா நான் ஓட வேணாம்ல" என்றாள்.

எனக்கு அது திமிராகப் பட்டது.

கவுண்டரில் என் பக்கத்தில் உட்கார்ந்தவரை ஆபீஸ் அக்கா என்பேன். அவரும் எங்கள் மாதிரி இலங்கையிலிருந்து வந்த குடும்பம்தான். சௌல்தாரி கிராமத்தில் கொஞ்சம் பாக்குத் தோட்டமும் இரண்டு மாடும் வைத்திருந்தார். நான் கரும்பலகையில் எழுதப் போனால் பின்னாலிருந்து கேட்பார்: "என்னா, கப்பல் வருதா? அப்ப ஒங்க வீட்டுப் புள்ளைக்குக் கால்ல சக்கரம் முளைக்குமே!"

சிரிப்பாக ஆரம்பித்தது. ஒரு நாள் நான் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய் டைரியைப் புரட்டிப் பார்த்தேன். உண்மைதான். மூன்று தடவையும் கப்பல் வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவளுக்கு அது தொடங்கியிருந்தது. இரண்டாவது வரியையும் ஐந்தாவது வரியையும் விரலால் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தேன். கப்பலின் ஊதல் எங்கள் வீடு வரை கேட்கும். கடலில் தாய் தகப்பனைக் கொடுத்தவள், கப்பலில் அனாதையாக வந்து இறங்கியவள். ஊதல் கேட்டால் பழையது கிளம்புகிறது என்று முடிவு செய்தேன். முடிவுக்கு வந்ததும் மனம் அமைதியானது. நான்காவது வரியை அன்று பார்க்கவில்லை. மாத்திரையை நான் எப்போதும் வீட்டுச் சாமான்களோடு நான்காவது வரியில்தான் எழுதுவேன்.

அடுத்த கப்பல் எட்டு நாள் பிந்தியது. அது வருவதற்கு முந்தின நாளே பிள்ளையைச் சௌல்தாரிக்கு அழைத்துப்போய் ஆபீஸ் அக்கா வீட்டில் விட்டேன். அங்கே ஊதல் கேட்காது. கடலும் தெரியாது. கப்பல் வந்த அன்று பாயிடம் மாத்திரை வாங்கிக்கொண்டு நானே பஸ் பிடித்துப் போய் ஆபீஸ் அக்கா கையில் கொடுத்தேன். காலை ஒன்று, மாலை ஒன்று, ஒரு வாரம் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் ஆபீஸ் அக்கா போன் செய்தார். "ஒடனே வா. புள்ள விடிஞ்சதுலேர்ந்து பாக்குத் தோட்டத்தச் சுத்திச் சுத்தி வருது. கஞ்சி குடின்னதுக்குப் பால் வாளிய எத்திட்டுப் போவுது."

நான் போனபோது அவள் வேலியோரம் நடந்துகொண்டிருந்தாள். செருப்பு இல்லை. கணுக்காலில் முள் கீறி ரத்தம் காய்ந்திருந்தது. கையைப் பிடித்தேன். நின்றாள், ஆனால் நிற்க முடியவில்லை, இரண்டு காலையும் மாற்றி மாற்றி வைத்தாள்.

"ஏலாது சித்தி. உள்ளுக்குள்ள யாரோ ஓடிக்கிட்டே இருக்காங்க. நிக்கச் சொல்லுங்க."

"யாரு ஓடுறா? நீதான் ஓடுற. நின்னா நிக்கலாம்."

"நானில்ல. செத்துப்போனா இது நிக்குமா?"

பயந்துபோனேன். அந்தப் பயம் வெளியே வந்தபோது கோபமாக வந்தது. நான் சொன்னதை அன்று டைரியில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். "ஒங்கம்மா உயிரோட இருந்திருந்தா ஒன்னப் பாத்து வெட்கப்பட்டிருப்பா" என்றேன். ஆபீஸ் அக்கா தூரத்தில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் கேட்டிருக்கும். அவர் குனிந்து கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

அந்த வாரமே தீர்மானித்துவிட்டேன். என்னால் முடியாது. மெயின்லேண்டில், கடலைப் பார்க்க முடியாத ஒரு ஊரில், அடங்காத பெண்பிள்ளைகளை வைத்துப் படிக்கவைக்கும் விடுதி ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். கடிதம் போட்டேன். சேர்த்துக்கொள்கிறோம், மெடிக்கல் சர்டிபிகேட்டோடு வரவும் என்று பதில் வந்தது. என் கவுண்டரிலேயே இரண்டு பங்க் படுக்கை டிக்கெட் போட்டேன். எனக்குப் போகவும் வரவும். அவளுக்குப் போக மட்டும். அதை அவளிடம் சொன்னேன். தன் துணிகளை மடித்து வைக்கத் தொடங்கினாள். மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தாள்.

சர்டிபிகேட்டுக்காக அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே புதிதாக வந்திருந்த ஒரு பெண் டாக்டர், மன நோய்களுக்கானவர். வயது முப்பதுகூட இருக்காது. தமிழ் தெரியாது, தீவு ஹிந்தியிலேயே பேசினோம். என்ன மருந்து, எவ்வளவு நாளாக என்று கேட்டார். பையிலிருந்து டைரியை எடுத்து நான்காவது வரிகளைப் பார்த்துத் தேதி தேதியாகப் படிக்க ஆரம்பித்தேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இவ்வளவு ஒழுங்காக யார் எழுதி வைத்திருப்பார்கள்?

அவர் கையை நீட்டி டைரியை வாங்கிக்கொண்டார். தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரியாது, ஆனால் எண்கள் தெரியும். பாதி என்பதை நான் எண்ணாகத்தான் எழுதியிருந்தேன். ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார்.

"யே க்யா ஹை?" இது என்ன என்று கேட்டார்.

"டபுள்" என்றேன். "கப்பல் பிந்தினால் பாதி. வந்ததும் டபுள். மாதக் கணக்கில் குறையாது."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளையின் ஆடிக்கொண்டிருந்த முழங்காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். இந்த மாதிரி மருந்து பலருக்கும் உதவும். ஆனால் சின்ன வயதுக்காரர்களில் சிலருக்கு, ஆரம்பிக்கும்போதும் அளவை மாற்றும்போதும், உடம்புக்குள் இருப்புக் கொள்ளாது. தூக்கம் போகும். எரிச்சல் வரும், வாயில் கட்டுப்பாடு இருக்காது. சிலருக்குச் சாக வேண்டும் என்ற எண்ணம்கூட வரலாம். அதனால்தான் ஆரம்பத்தில் அடிக்கடி வந்து காட்டச் சொல்வது. நீங்கள் ஒவ்வொரு கப்பலுக்கும் அவளுக்கு மருந்தை நிறுத்தி, மறுபடி புதிதாக, அதுவும் இரண்டு மடங்காக ஆரம்பித்திருக்கிறீர்கள்.

"எல்லாம் மருந்தால்தானா?" என்று கேட்டேன்.

"எல்லாம் என்று நான் சொல்ல மாட்டேன்" என்றார். "அவளுக்கு இழப்பும் இருக்கிறது. ஆனால் இந்த ஓட்டத்தில் பெரும் பங்கு இதுதான் என்று நினைக்கிறேன்."

சென்னை டாக்டர் சொன்ன அந்த இரண்டு வாக்கியம் இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

பிறகு என்னை வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் தனியாகப் பேசினார். சாக வேண்டும் என்ற எண்ணத்தைப் பற்றி நேராகக் கேட்டார் என்று அவள் பிறகு சொன்னாள். அப்படி நேராகக் கேட்கலாம் என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டபோது புது ஏற்பாடு எழுதியிருந்தார். மருந்தை உடனே நிறுத்த வேண்டாம், அவர் சொல்கிற அளவில் படிப்படியாகக் குறைத்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டும். அது ஆஸ்பத்திரியிலேயே கிடைக்கும். வாரம் ஒரு தடவை வந்து காட்ட வேண்டும். அதுவரை அவளைத் தனியே விடக்கூடாது. சர்டிபிகேட் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு ஸ்டாப் தாண்டிய பிறகு சொன்னேன்.

"தப்பு என்னோடது."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அப்ப நான் கெட்டவ இல்லயா?"

"இல்ல."

"டாக்டரு சொன்னாங்களா, நீங்க சொல்றீங்களா?"

"நான் சொல்றேன்."

"அம்மா?"

என் அக்கா யாரைப் பார்த்தும் வெட்கப்பட்டவள் இல்லை, மகளைப் பார்த்து ஒருநாளும் வெட்கப்பட்டிருக்க மாட்டாள் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த ஸ்டாப்பில் நாங்கள் இறங்க வேண்டியிருந்தது. இறங்கினோம்.

டிக்கெட் இரண்டையும் மறுநாள் ரத்து செய்தேன். லீவை மட்டும் ரத்து செய்யவில்லை, வீட்டிலேயே இருந்தேன். மூன்று வாரத்தில் தம்ளர் கிணுகிணுப்பது நின்றது. உட்கார்ந்து சாப்பிட்டாள். கோழியைப் பார்த்துச் சிரித்த அந்தப் பெண் திரும்பி வரவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளும் இல்லை. இடையில் யாரோ ஒருத்தி, எனக்குப் பழக்கம் இல்லாதவள், மெல்ல வந்து சேர்ந்தாள். அவள் ஒரு நாள் என் டைரியை எடுத்து எல்லா ஐந்தாவது வரிகளையும் படித்தாள். நான் சமையலறையிலிருந்து பார்த்தேன், தடுக்கவில்லை.

"சித்தி, இனிமே என்னப் பத்தி எழுதாதீங்க."

"ஏன் பாப்பா? அத வெச்சித்தானே கண்டுபிடிச்சோம்."

"கண்டுபிடிச்சீங்க. ஆனா இத்தன வருசமா எழுதியிருக்கீங்க, ஒரு நாளுகூட எங்கிட்ட கேட்டு எழுதல. பாத்துப் பாத்து எழுதியிருக்கீங்க, மழய எழுதுற மாதிரி." கடைக்குப் போய்ச் சின்ன நோட்டு ஒன்று வாங்கி வந்தாள். "மாத்திரய நானே எழுதிக்கிறேன்."

சொன்னபடி நிறுத்தினேன். அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, மெயின்லேண்டில் நர்சிங் படிக்கப் போனாள். டிக்கெட்டை அதே கவுண்டரில் நான்தான் போட்டேன். இந்தத் தடவை போகவும் வரவும். வருவதற்கான தேதியை அவளே சொன்னாள், பிறகு அவளே இரண்டு தடவை தள்ளிப்போட்டாள். டாக்டர் ஒத்துக்கொண்டு மருந்தை மெல்லக் குறைத்து நிறுத்திவிட்டதாகப் போனில் சொன்னாள். எந்த மாதம் என்று எனக்குத் தெரியாது. அது என் டைரியில் இல்லை.

இப்போது நான் சாப்பிடும்போது மேஜை அசைவதில்லை. சில நாள் நானே தம்ளரை விரலால் தட்டிப் பார்க்கிறேன்.

போன வாரம் அவள் போன் செய்தாள். மழையா என்று கேட்டாள். மழை என்றேன். கடலில் புயல் சின்னம், கப்பல் சென்னையிலேயே நிற்கிறது, போர்டில் எழுதிவிட்டு வந்தேன் என்றேன்.

"சித்தி, ஒங்க பிரசர் மாத்திர எத்தன இருக்கு?"

"இருக்கு."

"எத்தன?"

"அஞ்சு."

"இன்னைக்கு எவ்வளவு போட்டீங்க?"

போனை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன். மேஜை மேல் கத்தி இருந்தது, அதன் பக்கத்தில் மிச்சப் பாதி இருந்தது.

"நான் நர்சு சித்தி, எங்கிட்ட பொய் சொல்ல ஏலாது" என்றாள். "முழுசாப் போடுங்க. நான் லைன்லயே இருக்கேன். தீந்துபோனா நான் பிளேன்ல அனுப்புறேன்."

தண்ணீர் எடுத்து வந்து அந்தப் பாதியையும் விழுங்கினேன். விழுங்கிவிட்டேன் என்று சொன்னேன். சரி என்று சொல்லி அவள் போனை வைத்தாள். அன்று ஐந்தாவது வரியில் அவளைப் பற்றி எழுதவில்லை, வாக்குக் கொடுத்திருக்கிறேன். என்னைப் பற்றி எழுதினேன்: முழு மாத்திரை.